வாடகை வீட்டில் பயிர்க்காவல் துப்பாக்கி: பெட்டியை அசையாமல் நிறுத்துவது எப்படி?

மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் பயிர் செய்வோரில் சிலர் பயிர்க்காவலுக்கென்று துப்பாக்கி உரிமம் பெற்றிருக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கே முதலில் உரிமம் உண்டு. அது போதாது என்று அதிகாரி கருதினால், தோட்டா போடும் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்று விண்ணப்பதாரர் உறுதிமொழியும் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட பிறகு நடப்பது என்ன? பலர் வீட்டில் துப்பாக்கி பரண் மேல் கிடக்கிறது. இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில், கதவு மூலையில். திருடன் முதலில் பார்க்கும் இடங்கள் இவைதாம். பள்ளி விட்டு வரும் பிள்ளையின் கைக்கு எட்டுவதும் இவைதாம். வீட்டில் சண்டை மூண்ட வேளையிலும், கடன் கவலையில் ஒருவர் மனமுடைந்த வேளையிலும், கைக்கு எட்டும் துப்பாக்கி பெரும் ஆபத்து. பூட்டைத் திறக்க ஆகும் இரண்டு நிமிட நேரம் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

பெட்டி மட்டும் போதாது

இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணக் கூடாது. சுவரிலோ தரையிலோ பிணைக்காத பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பிறகு தோப்பில் வைத்து நிதானமாக உடைத்துக்கொள்வார்கள். ஆகவே, பெட்டியின் பூட்டுக்குக் கொடுக்கும் கவனத்தை அதன் அடிப்பாகத்துக்கும் கொடுக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரர் நினைத்த இடத்தில் துளை போடலாம். குத்தகை நிலத்தில் பயிர் செய்து வாடகை வீட்டில் குடியிருப்பவருக்குத்தான் சங்கடம்.

முதலில் துப்பாக்கியை அளந்து, அதைவிட மூன்று நான்கு அங்குலம் உயரமாகப் பெட்டி செய்யச் சொல்ல வேண்டும். நடுவில் மடியும் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கிகளைக் குழல், முன்கட்டை, பின்கட்டை என்று தனித்தனியே கழற்றலாம். அவற்றுக்குக் குழலின் நீளத்துக்குப் பெட்டி இருந்தால் போதும், செலவும் குறையும். கீல்கள் வெளியே தெரியாமல் இருப்பது நல்லது. அடித்தகட்டில் நான்கு மூலைகளிலும் அரை அங்குல போல்ட் நுழையும் துளைகள் வேண்டும். திருகுமரை பெட்டிக்கு உள்ளிருந்தே முடுக்கப்பட வேண்டும். வெளியே தெரியும் மரையை யாரும் கழற்றிவிடலாம்.

வீட்டுக்காரர் சம்மதித்தால்

துளை போடுமுன் வீட்டு உரிமையாளரிடம் கேட்டு, எத்தனை துளை, எந்த அறை என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லை நம்பினால், காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் வரும்.

சுட்ட செங்கல்லால் கட்டிய ஒன்பது அங்குலச் சுவர் போல்ட்டைத் தாங்கும். துளையைச் செங்கல்லின் நடுவில் போட வேண்டும். இணைப்புக் கலவையில் போட்டால் பிடிப்பு இராது. மண் சுவரும் உள்ளே பொள்ளலான சிமெண்ட் கல் சுவரும் இதற்கு உதவா. கெட்டியான கான்கிரீட் தரை எல்லாவற்றிலும் சிறந்தது. ஓடு பதித்த தரையில் ஓடு வெடிக்கும். மின்கம்பி, தண்ணீர்க் குழாய் போகும் இடத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துளையைப் போல்ட்டுக்கு வேண்டிய ஆழத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாகப் போட்டு வைக்கவும். உள்ளே விரிந்து பிடிக்கும் போல்ட்டைப் பின்னால் பிடுங்குவது கடினம். காலி செய்யும்போது மரையைக் கழற்றிவிட்டு, போல்ட்டைச் சுத்தியலால் உள்ளே தட்டி, மேலே சிமெண்ட் கலவையால் பூசிவிடலாம்.

சம்மதிக்காவிட்டால்

துளையே போடாமல் பெட்டியை அசையாமல் நிறுத்த ஒரு வழி, தனியாக வார்த்த கான்கிரீட் மேடை. ஒரு கன அடி கான்கிரீட் ஏறத்தாழ 68 கிலோ எடை இருக்கும். மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலம், அரை அடி கனத்தில் வார்த்தால் மூன்று கன அடி. எடை 200 கிலோவுக்கு மேல். பெட்டியை இதில் பிணைத்துவிட்டால் இருவர் தூக்கிப் போக முடியாது.

இதை ஒரே பாளமாக வார்க்காமல், ஒன்றரை அடிக்கு இரண்டு அடி அளவில் இரண்டு பாளங்களாக வார்க்க வேண்டும். தரையில் பாலிதீன் தாளை விரித்து, அதன்மேல் பலகைச் சட்டம் வைத்து முதல் பாளத்தை வார்க்கவும். மறுநாள் அதன் பக்கத்தில் பாலிதீன் தாளை மறைப்பாக வைத்து அடுத்த பாளத்தை வார்க்கவும். இரண்டும் ஒட்டாது; தரையிலும் ஒட்டாது.

இரண்டு பாளங்களுக்கும் சேர்த்துச் சிமெண்ட் அரை மூட்டை, மணல் ஒன்றேகால் கன அடி, முக்கால் அங்குல ஜல்லி இரண்டரை கன அடி போதும். பாளத்துக்கு இரண்டாக நான்கு போல்ட்டுகளை, அடியில் வளைத்து, நான்கு அங்குலம் உள்ளேயும் இரண்டு அங்குலம் வெளியேயும் இருக்கும்படி பதிக்க வேண்டும். பெட்டியின் அடித்துளைகளை ஒரு பலகையில் அளந்து துளைத்து, அந்தப் பலகையில் போல்ட்டுகளை மாட்டிப் பதித்தால் இடம் தவறாது. ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைத்து, பத்து நாள் கழித்துப் பெட்டியை ஏற்றி, அகலமான வாஷர் போட்டு உள்ளிருந்து முடுக்கவும். பெட்டி இரண்டு பாளங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

மேடையை அறையின் மூலையில், கடப்பாரை நுழையாதபடி சுவரை ஒட்டி வைக்கவும். தரைத் தளத்தில் மட்டும் வைக்க வேண்டும். மாடியில் வைக்கக் கூடாது. வீடு மாறும்போது பெட்டியைக் கழற்றிவிட்டு, நூறு கிலோப் பாளங்களை உருளைக் குழாய்களின் மேல் நாலு பேர் தள்ளிக்கொண்டு போகலாம். வீட்டுக்காரருக்கு ஒரு கீறலும் இல்லை.

சாவி யார் கையில்?

உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே சாவி இருக்க வேண்டும். உப்பு ஜாடி, சுவாமி படத்தின் பின்புறம் என்று வைப்பதெல்லாம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். வாடகை வீட்டு வாசல் கதவின் மறுசாவி உரிமையாளரிடமும் இருக்கலாம் என்பதால், பெட்டிச் சாவியை வீட்டில் விட்டுச் செல்லக் கூடாது. வங்கியில் பெட்டக வசதி இருந்தால் மறுசாவியை அங்கே வைக்கலாம். பெட்டியில் என்ன இருக்கிறது என்பது தெருவுக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

உள்ளே வைக்குமுன்

கெட்டித்த துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கவே கூடாது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி காலியா என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. குழல் நிச்சயமாகக் காலியாக இருக்கும்போது கெட்டிக்கும் கம்பியை அடிவரை விட்டு, குழல் வாயோடு சமமாக அதில் ஒரு கோடு போட்டு வைக்கவும். இனி எப்போது சோதித்தாலும் முதலில் வெடி கேப்பை எடுத்துவிட்டுக் கம்பியை விடவும்; கோடு வாய்க்கு மேலே நின்றால், உள்ளே மருந்து இருக்கிறது என்று பொருள். உடனே உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவரைக் கொண்டு காலி செய்யவும். சோதிக்கும்போது முகத்தையும் கையையும் குழல் வாய்க்கு நேராக நீட்டக் கூடாது.

தோட்டாவை வேறு பெட்டியில், வேறு பூட்டில் வைக்க வேண்டும். கருமருந்தை இறுக மூடும் இரும்புப் பெட்டியில் அடைப்பது ஆபத்து; தீப்பட்டால் பெட்டியே வெடிகுண்டாகும். அதை அடுப்பங்கரைக்கு எட்டாத, உலர்ந்த, பூட்டிய மரப்பெட்டியில் வைக்கவும். பூச்சிமருந்தையும் இவற்றோடு சேர்க்கக் கூடாது. அதற்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு.

துப்பாக்கியைத் தோல் உறையிலோ சாக்கிலோ சுற்றி வைத்தால் அது ஈரத்தை இழுத்துக் குழல் துருப்பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வைக்கவும். மழைக்காலத்தில் மாதம் இருமுறை பார்க்க வேண்டும்.

சட்டத்துக்கு உட்பட்டு

வீடு மாறினால் உரிமப் புத்தகத்தில் உள்ள நிபந்தனையைப் படித்து, குறித்த நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். துப்பாக்கியோ தோட்டாவோ களவு போனால் உடனே காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். துப்பாக்கி எண்ணைத் தனியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அப்போது உதவும். தேர்தல் காலத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து ரசீது பெறவும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமம் ஐந்து ஆண்டு செல்லும். முடியும் நாளைப் பெட்டிக் கதவின் உட்புறம் எழுதி வைக்கலாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மயிலும் காட்டுப்பன்றியும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. துப்பாக்கி உரிமம் அவற்றைச் சுடும் அனுமதி ஆகாது.

மேடைக்கு அரை மூட்டைச் சிமெண்டும் மணலும் ஜல்லியும் நான்கு போல்ட்டும் கொஞ்சம் வேலையும்தான் செலவு. அடுத்த முறை காவலுக்குப் போய்த் திரும்பியதும் துப்பாக்கியைப் பரணில் ஏற்றாமல், கையோடு பெட்டியை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.