தூரம் ஒன்று, நேரம் வேறு

மதுரைக்கும் சென்னைக்கும் இடையே தூரம் எவ்வளவு? இக்கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு, மூன்றும் சரியே. பூகோளப் படத்தில் இரு நகரங்களையும் நேர்க்கோட்டால் இணைத்து அளந்தால் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். மேலூர், திருச்சி, பெரம்பலூர், விழுப்புரம், செங்கற்பட்டு வழியாகச் செல்லும் சாலை சுமார் 460 கிலோமீட்டர். திண்டுக்கல்லைத் தொட்டு வளைந்து செல்லும் ரயில் பாதையோ 493 கிலோமீட்டர்.

இனி, நேரத்தைக் காண்போம். விமானம் இத்தூரத்தைச் சுமார் 1¼ மணியில் கடக்கிறது. மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டர் செல்லும் காருக்கு 7 மணி 40 நிமிஷம் ஆகும். 45 கிலோமீட்டர் வீதம் செல்லும் சரக்கு லாரிக்குப் பத்து மணிக்கு மேல் ஆகும். இதைக் கண்டதும், விமானத்தால் ஆறு மணிக்கு மேல் மிச்சமென்று எண்ணிவிடுகிறோம். அது தவறு. வீட்டிலிருந்து விமான நிலையம் செல்ல அரை மணி. அங்கே முன்னதாகக் காத்திருக்க ஒன்றரை மணி. இறங்கிப் பெட்டியைப் பெற அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் செல்ல முக்கால் மணி என்று வைத்துக்கொள்வோம். பறக்கும் நேரத்தையும் கூட்டினால் 4½ மணி ஆகிறது. காரைவிட மிச்சம் மூன்று மணியளவே. ஆகவே, வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிடுவதே முறை.

இக்கணக்கு நமது சரக்குக்கு எவ்வாறு பொருந்தும்? விடியற்காலையில் பறித்த மல்லிகை மொட்டு அன்று மாலையே மலரத் தொடங்கிவிடும். காலை ஒன்பது மணிக்கு லாரியில் ஏற்றினால், இரவு ஏழு மணிக்கு மேல்தான் சென்னை சேரும். மொட்டுக்குக் கிடைக்கும் விலை மலர்ந்த பூவுக்குக் கிடைப்பதில்லை. இங்கே சில மணி நேரம் என்பது விவசாயியின் ஒரு நாள் உழைப்பின் பலனேயாகும். சுங்குடிச் சேலையின் நிலை அவ்வாறன்று. இரவு எட்டு மணிக்குப் புறப்படும் சிப்பம், மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே சென்னை சேர்ந்துவிடும். நெசவாளர் உறங்கும் நேரத்தில் சரக்குப் பிரயாணம் செய்கிறது. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதற்கு விமானக் கூலி கொடுப்பது வீண் செலவு.

மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். விமானத்தில் எடையை மட்டுமன்றி, சிப்பம் அடைக்கும் இடத்தையும் கணக்கிட்டுக் கூலி விதிப்பர். பூ லேசானதுதான் என்று பெரிய பெட்டிகளில் தளர்வாக அடைத்தால், கூலி ஏறிவிடும். தனித்தனியே பத்துப் பேர் அனுப்புவதைவிட, சங்கத்தின் மூலம் சேர்த்து அனுப்பினால், நிலையத்துக்குச் செல்லும் வண்டி வாடகையாவது பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

அங்கத்தினர்கள் அடுத்த முறை சரக்கு அனுப்புமுன், ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதிப் பார்ப்பார்களாக: வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி? அம்மணிகளில் சரக்கின் விலை எவ்வளவு குறையும்? விரைவுக்குக் கொடுக்கும் அதிகக் கூலி எவ்வளவு? இரண்டாவது தொகை மூன்றாவதைவிட மிகுமானால் ஆகாய மார்க்கம். இல்லையேல் சாலையே நமக்கு உகந்தது.