சாணத்தில் தங்கும் மருந்தும் சாணவண்டும்

வயலிலே சாணம் விழுந்ததும் வண்டுகள் வந்து கூடுகின்றன. சாணவண்டு சாணத்தைச் சிறு சிறு துண்டாக மண்ணுக்குள் கொண்டுசென்று முட்டையிடுகிறது. இதனால் எரு மண்ணோடு கலக்கிறது. மழைநீர் உள்ளே இறங்குகிறது. ஈப் பெருக்கமும் குறைகிறது. உரம் வாங்க வசதியின்றிப் புதிய காணியில் பயிர்செய்யும் குடும்பங்களுக்கு இது கூலி கேட்காத வேலையாள்.

மருந்து எங்கே போகிறது?

குடற்புழுவுக்கும் சொறிக்கும் கொடுக்கப்படும் ஐவர்மெக்ரின் 1981இல் கால்நடைகளுக்கென விற்பனைக்கு வந்தது. அதன் கண்டுபிடிப்புக்காக ஒமுறா, கம்பெல் ஆகிய இருவரும் 2015இன் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றனர். நல்ல மருந்துதான். ஆனால் அதன் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறுகிறது. ஊசி போட்டுச் சில வாரங்கள் வரை இது நீடிக்கும். வயிற்றில் தங்கி மெல்ல மெல்ல மருந்தை விடும் குளிசை கொடுத்த கன்றுகளின் சாணம், பூச்சிகள் இல்லாமையால் வழமைபோல் உக்கவில்லை என்பதை 1987இல் இங்கிலாந்தின் வோல், ஸ்ட்ரோங் ஆகிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

நாமே சோதிக்கலாம்

1. ஒரே தீன் தின்னும் இரு மாடுகளைத் தெரிவுசெய்வோம். ஒன்று ஊசி போட்டு மூன்று நாளானது. மற்றது இரண்டு மாதமாக எந்த மருந்தும் பெறாதது.

2. ஆறு வாளிகளில் ஈரமண் நிரப்பி, மூன்றில் ஒரு மாட்டின் சாணத்தையும் மூன்றில் மற்றதன் சாணத்தையும் சம நிறையில் வைப்போம். ஒரு சோடி வாளி போதாது. எறும்போ வெயிலோ கணக்கைக் குழப்பிவிடும்.

3. ஒவ்வொன்றிலும் ஒரே இன வண்டுகள் பத்தை விட்டு, நுளம்பு வலையால் மூடி நிழலில் வைப்போம்.

4. ஒரு வாரத்தில் அந்த வண்டுகளை அகற்றுவோம். மண் காயாமல் பார்த்து, இரண்டு மாதம் வரை வெளிவரும் புதிய வண்டுகளை எண்ணிக் கொப்பியில் எழுதுவோம்.

வளர்ந்த வண்டுகள் மருந்துச் சாணத்துக்கும் வரும், உயிரோடும் இருக்கும். அதைக் கண்டு தீங்கில்லை என்று முடிவுசெய்யக்கூடாது. மருந்து கூடுதலாகத் தாக்குவது புழுப்பருவத்தையே. எனவே குஞ்சுகளின் எண்ணிக்கையே சரியான அளவுகோல்.

மருந்தை விட்டுவிடுவதா?

கூடாது. புழு முற்றிய கன்று இறந்துபோகும். அந்த இழப்பை நம்மால் தாங்கமுடியாது. ஆனால்:

- தேவையான மாட்டுக்கு மட்டும், நிறைக்கேற்ற அளவில் கொடுப்போம். பட்டி முழுவதற்கும் ஒரே நாளில் போடவேண்டாம்.
- மருந்து பெற்ற மாட்டைச் சில வாரம் தனியே கட்டி, அதன் சாணத்தை மூடிய எருக்கிடங்கில் இடுவோம்.
- அல்பென்டசோல், லெவமிசோல் போன்றவை சாணவண்டுக்குத் தீங்கு குறைந்தவை. எது பொருந்தும் என்று மிருக வைத்தியரிடம் கேட்போம். பால் எத்தனை நாள் பாவிக்கக்கூடாது என்பதையும் கேட்டறிவோம்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட: நமது ஊரில் சாணம் எத்தனை நாளில் உக்குகிறது? மருந்து கொடுத்த திகதியை யார் குறித்து வைக்கிறோம்?