கணக்கியலிலிருந்து நிரலாக்கத்துக்கு: கற்றதை மதிப்பிட்டு அடுத்த இலக்கை வகுக்கும் முறை

கணக்கராகப் பல ஆண்டுகள் பணியாற்றி நிரலாக்கத்துக்கு மாறியவர், வேலையில் ஓரளவு ஊன்றியதும் அடுத்து எந்த மொழியைக் கற்கலாம் என்று தேடத் தொடங்குவது வழக்கம். ஆயினும் அவர் ஏற்கெனவே எழுதிய நிரல்களே அடுத்த இலக்கைத் தெளிவாகக் காட்டும்.

முதற்படி, சான்றுகளைத் திரட்டுவது. நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடும் குறிப்போடும் சேமித்துவைக்கும் கிட் என்னும் கருவியை 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கினார். அதன் பதிவேட்டைப் பின்னோக்கிப் படிக்கும்போது ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டிருந்தால், அங்கே அடிப்படை ஏதோ விளங்காமல் கிடக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, பழைய தொழிலறிவைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதை அடியோடு தலைமுழுகுவது பெரும் இழப்பு. பைத்தான் மொழியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வருகிறது. கணினி இவ்வெண்களை 0, 1 ஆகிய இரு இலக்கங்களால் அமைந்த இரும முறையில் சேமிப்பதும், பத்தில் ஒன்று அம்முறையில் முடிவின்றி நீள்வதுமே இதற்குக் காரணம். இருப்பாய்வில் ஒரு பைசா இடித்தாலும் விடாமல் தேடிப் பழகியவர் இதை எளிதில் கடந்துபோக மாட்டார். தொகைகளைப் பைசாவாக, முழு எண்களில் சேமிக்கும் வழியை நாடுவார். இதேபோல், தகவல்களை ஒழுங்காகச் சேமிக்கும் தரவுத்தளத்தில் பரிவர்த்தனை எனப்படுவது, இணைந்த மாற்றங்கள் அனைத்தும் நிறைவேற வேண்டும், இடையில் தடைபட்டால் எதுவுமே நிறைவேறக் கூடாது என்னும் ஏற்பாடு. ஒவ்வொரு பற்றுக்கும் இணையான வரவை எழுதும் இரட்டைப் பதிவு முறையில் ஊறியவருக்கு அதன் அவசியத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே தரவுத்தளத்தை ஆழமாகக் கற்பது அவருக்கு இயல்பான அடுத்த இலக்காகிறது.

அந்த இலக்கைச் சோதித்துப் பார்க்கத்தக்க பொருளாக எழுதிவைப்பது மூன்றாம் படி. தரவுத்தளத்தை வினவும் மொழியைக் குறித்து "எஸ்க்யூஎல் கற்பது" என்று மட்டும் எழுதினால் அது எப்போது முடியும் என்று தெரியாது. பற்றும் வரவும் பொருந்தாத பதிவை ஏற்க மறுக்கும் சிறு பேரேட்டை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் மூன்று மாதத்துக்குள் அமைப்பது என்று எழுதினால், முடிந்ததா இல்லையா என்பதில் ஐயம் எழாது.

இந்த இலக்கோடு அடிப்படையில் உள்ள இடைவெளியையும் நிரப்ப வேண்டும். கணினியியல் பட்டம் இல்லாதவருக்குத் தரவுக் கட்டமைப்புகளில், அதாவது தகவலைத் தேடவும் வரிசைப்படுத்தவும் ஏற்றவாறு ஒழுங்குபடுத்தும் முறைகளில், இடைவெளி இருப்பது இயல்பு; சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் என்பிடெல் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தில் பைத்தான் வழியே நடத்தும் பாடம் இதற்கு உகந்தது, அதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

பேரேடு உருப்பெறும்போதே அதன் நிரலை அனுபவமுள்ள ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, அவர் கேட்கும் கேள்விகளில் விடைதெரியாதவற்றை அடுத்த காலாண்டுக்கான குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.