கடல் காற்றை வரைய முடியுமா?

ஹைதராபாத்தில் கடல் இல்லை. ஆனால் கடல் நகரம் ஒன்றை இங்கே படத்தில் பார்க்கலாம். மூசி ஆற்றின் தென்கரையில் சாலார் ஜங் அருங்காட்சியகம் இருக்கிறது. அது 1951இல் தொடங்கப்பட்டது. அங்கே அயல்நாட்டு ஓவியங்களும் உள்ளன.

அவற்றில் ஒன்று வெனிஸ் நகரப் படம். வெனிஸ் இத்தாலி நாட்டில் உள்ளது. கடல் நீருக்கு நடுவே, பல சிறு தீவுகளில் கட்டிய ஊர். படத்தை வரைந்தவர் கானலெட்டோ (1697–1768). அவருடைய வெனிஸ் படங்களில் வெயில் பளிச்சென்று விழும். நிழல் தெளிவாக இருக்கும். தூரத்துச் சன்னல்களைக்கூட எண்ணிவிடலாம் போலிருக்கும்.

அதே வெனிசுக்கு 1908இல் மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் போனார். அவர் படங்களில் சன்னல்களை எண்ண முடியாது. கட்டடங்கள் பனியில் கரைந்தது போல் தெரியும். ஏன்? அவர் கட்டடத்தை மட்டும் வரையவில்லை. கட்டடத்துக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள காற்றையும் வரைந்தார்.

காற்றை எப்படி வரைவது? காற்றில் ஈரமும் தூசியும் கலந்துள்ளன. வெளிச்சம் அவற்றின் மேல் பட்டுச் சிதறுகிறது. அதனால் அருகில் உள்ள பொருள் அழுத்தமாகத் தெரியும். தூரத்துப் பொருள் வெளிறித் தெரியும். ஓவியர் இதைக் கவனித்து நிறத்தைக் கூட்டுவார், குறைப்பார். பார்ப்பவர் கண்ணுக்கு மூடுபனி தெரியும்.

1872இல் மோனே, பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்தில் சூரியன் உதிப்பதை வரைந்தார். சாம்பல் நிற மூட்டம். சிறு படகுகள். ஆரஞ்சு நிறச் சூரியன். தண்ணீரில் அதன் ஒளிக்கீற்று. 1874இல் பாரிஸ் நகரில் அது காட்சிக்கு வந்தது. அது அரைகுறைப் படம் என்று ஒருவர் பத்திரிகையில் கேலி செய்தார். படத்தின் பெயரைக் கொண்டே அந்த ஓவியர்களுக்கு இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பட்டப்பெயர் வைத்தார். இன்று அது பெருமைக்குரிய பெயர்.

அன்று கேலி செய்தவர் படித்தவர்தான். ஆனாலும் படத்தில் இருந்த காற்று அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நீங்களோ எழுத்தறியும் முன்பே வானத்தைப் பார்த்து மழை வருமா என்று சொன்னவர்கள். ஓவியம் பார்க்கவும் அந்தக் கண்தான் வேண்டும். படமெல்லாம் படித்தவர்களுக்கு என்று ஒதுங்கி நிற்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

உசேன் சாகர் ஏரிக்கரையில் விடியற்காலையிலும் நண்பகலிலும் நின்று பாருங்கள்.

1. ஏரி நடுவே உள்ள புத்தர் சிலை எப்போது தெளிவாகத் தெரிகிறது?
2. அக்கரைக் கட்டடங்கள் என்ன நிறத்தில் தெரிகின்றன?
3. கண்டதை நான்கு வரியில் எழுதுங்கள்.