முதல் சீட் யாருக்கு? – அமெரிக்கக் கல்லூரிப் புட்பாலில் ஒரு கணக்கு

புட்பால் என்றதும் நம்ம கிரவுண்டில் சாயங்காலம் உதைக்கிற பந்தை நினைத்துவிடாதீர்கள். இது அமெரிக்கக்காரர்களின் புட்பால். பெயரில்தான் கால், பந்து பெரும்பாலும் கையில்தான்! ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் செல்போனில் காட்டியபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே கல்லூரிக் கோச், பிளஸ் டூ வயசுப் பையனின் வீட்டுக்கே போய், படிப்புச் செலவைக் கல்லூரியே ஏற்கும் என்று கூப்பிடுவாராம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சீட்டுக்காக அப்பாவோடு வரிசையில் நின்றவன். சீட்டே வீடு தேடி வருகிறதென்றால் விடுவேனா? தேடித் தேடிப் படித்தேன்.

ஆட்டம் இதுதான். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரிக்கு. 1960களின் நடுவில் ஆள் மாற்றும் விதி தளர்ந்த பிறகு, தாக்குவதற்கு ஒரு 11, தடுப்பதற்கு வேறொரு 11 என்று ஒரே கல்லூரிக்குள் இரண்டு டீம் ஆகிவிட்டது. முதல் நிலைக் கல்லூரிகளுக்கு நெடுங்காலம் 85 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு. தாக்குபவனுக்குக் கொடுத்த சீட், தடுப்பவனுக்கு இல்லாத சீட். அப்போ முதல் சீட் யாருக்கு?

என் பதில்: தடுப்பு அணியின் முன்வரிசைக்கு.

காரணம் சொல்கிறேன். தாக்குபவனுக்குத் தன் அடுத்த அடி முன்பே தெரியும். பிளான் போட்டு, நூறு தடவை ஒத்திகை பார்த்து, திறமைக் குறைவைக் கொஞ்சம் மறைத்துவிடலாம். தடுப்பவனோ பார்த்த பிறகுதான் ஓடணும். அங்கே உடம்பும் வேகமும்தான் பேசும். 140 கிலோ உடம்போடு சட்டென்று பாயக்கூடிய பையன்கள் மிக மிகக் குறைவு. அதை லேத்தில் கடைந்து எடுக்க முடியாது. பிறக்கும்போதே வர வேண்டிய மெட்டீரியல்!

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் 2021 அணியைப் பாருங்கள். ஆட்டத்துக்குச் சராசரியாகச் சுமார் 10 புள்ளிதான் விட்டுக்கொடுத்தார்கள். 2022-ல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, முதல் சுற்றிலேயே அந்தத் தடுப்பு அணியிலிருந்து 5 பேர் போனார்கள். அதில் மூவர் முன்வரிசைக்காரர்கள். தாக்குதலை நடத்திய குவார்ட்டர்பேக் யார்? ஸ்டெட்சன் பென்னட். 2017-ல் ஸ்காலர்ஷிப்கூட இல்லாமல் தானாக வந்து சேர்ந்த பையன்! 2021 டிசம்பரில் அலபாமாவிடம் 41-24 என்று தோற்றார்கள். அடுத்த மாதம் தேசிய இறுதியில் அதே அலபாமாவை 33-18 என்று வென்றார்கள்.

சீனியர் அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, 2019 லூசியானா ஸ்டேட்டைப் பாரு" என்கிறார். நியாயமான கேள்விதான். 15 ஆட்டத்தில் 726 புள்ளி குவித்து, ஒன்றுகூடத் தோற்காமல் சாம்பியன் ஆனார்கள். இதே கல்லூரியை 2011 நவம்பரில் அலபாமாவோடு பார்த்தால் எக்ஸ்ட்ரா டைம் போயும் 9-6 என்றுதான் முடிந்தது. காலம் தாக்குபவன் பக்கம் சாய்ந்துவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 2019 அணியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ எங்கிருந்து வந்தார்? ஒஹாயோ ஸ்டேட்டில் முதலிடம் கிடைக்காமல் பெஞ்சில் இருந்து, டிகிரி முடித்து, 2018-ல் மாறி வந்தவர். குவார்ட்டர்பேக் ஆடுவது ஒரு நேரத்தில் ஒருவர்தான். நாலு பேரைச் சேர்த்தால் மூன்று பேர் வேறு இடம் பார்ப்பார்கள். அதனால் அவர்கள் கிடைப்பார்கள். தேறிய முன்வரிசைக்காரனை எந்தக் கல்லூரி விடும்?

ஒன்று விட்டுவிட்டேன். தாக்கும் அணியில் குவார்ட்டர்பேக்கைக் காக்கிற ஐந்து தடியர்கள். டிவியில் அவர்கள் பெயர் வருவதே அபூர்வம். உடம்பு தேற இரண்டு மூன்று வருஷம் ஆகும், ஆகவே முன்கூட்டியே எடுத்து வைக்கணும். என் இரண்டாவது சீட் அவர்களுக்கே.

இப்போது கணக்கே மாறிவிட்டது. 2021 முதல் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறி உடனே ஆடலாம். 2025-ல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 85 போய், மொத்தம் 105 வீரர்கள் என்ற வரம்பு வந்திருக்கிறது. வீரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணமும் தரலாம். தேறின 21 வயசுக்காரன் சந்தையில் கிடைக்கும்போது, பச்சை 18 வயசுப் பையன் வீட்டுக் கதவை எத்தனை கோச் தட்டுவார்? எனக்கும் 18 தான். என் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்திருந்தால், கோப்பைகளைப் பற்றி அப்பா ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். "இவன் ஆடுற இடத்துல உங்ககிட்ட இப்ப எத்தனை பேரு சார் இருக்காங்க?" என்றுதான் கேட்டிருப்பார்.