கவனிப்பவரைக் கவனிப்போம்

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. வாரத்தில் இரண்டு நாளாவது தாமதமாக வருவாள். முதல் பாடவேளை என்னுடைய அறிவியல். வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் கண் சொருகும். வீட்டுப்பாடம் கேட்டால் தலைகுனிந்து நிற்பாள். முதலில் காரணம் கேட்டேன். பிறகு திட்டினேன். ஒருநாள் வகுப்புக்கு வெளியே நிற்கவும் வைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை, பாடம் எழுதியிருக்கிறாளா என்று பார்க்க அவளுடைய ரஃப் நோட்டை வாங்கிப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்ட அட்டவணை ஒன்று இருந்தது. இடப்பக்கம் தேதி. மேலே ‘காலை’, ‘இரவு’. கட்டங்களில் டிக். சிலவற்றில் மட்டும் பொடி எழுத்தில் ‘துப்பிட்டாங்க’.

எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அதே அட்டவணை என் கைப்பையில் இருந்த டைரியிலும் இருந்தது.

என் வீட்டில் நடந்தது

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். கல்லூரியில் படிக்கும்போது தொடங்கியது. யாரோ தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதாகச் சொல்வார். ஜன்னல்களைச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார். கோடாங்கியிடம் போனோம், தாயத்துக் கட்டினோம், கடைசியில்தான் மருத்துவரிடம் போனோம். அப்பா இறந்தபின் அண்ணன் என் வீட்டுக்கு வந்துவிட்டார். மாத்திரை கொடுப்பதும், மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும், அவர் தூங்காத இரவுகளில் விழித்திருப்பதும் என் பொறுப்பு.

பள்ளியில் பதினோரு ஆண்டுகள் இதை யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போகும் நாளில் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதித் தற்செயல் விடுப்பு எடுப்பேன். நாளை என் மகளுக்கு வரன் பார்க்கும்போது ஊர் என்ன பேசுமோ என்ற பயம்.

ஒருமுறை நோய் கூடியபோது, ஈட்டிய விடுப்பில் இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்தேன். முழுநேரமும் கூடவே இருந்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். “குளிச்சியாண்ணா? ஏன் இப்படியே உட்கார்ந்திருக்கே? மாத்திரைய முழுங்கினியா, வாயைத் திற பார்ப்போம்” என்று விடிந்ததிலிருந்து இரவு வரை வீட்டில் என் குரல்தான். என்னைக் கண்டாலே அவர் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். எனக்கு இரத்த அழுத்தம் கூடியது. ஒருநாள் காரணமே இல்லாமல் மகளை அடித்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த மாதம் மருத்துவமனையில் மனநல சமூகப் பணியாளர் அண்ணனிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க எப்ப டீச்சர் திரும்ப ஸ்கூலுக்குப் போகப் போறீங்க?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செய்பவளைப் பார்த்து இப்படிக் கேட்கிறாரே என்று நினைத்தேன். அவர் பொறுமையாக விளக்கியபோதுதான் புரிந்தது.

35 மணி நேரம்

மனச்சிதைவிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களில் யாருக்கு நோய் மறுபடி கூடுகிறது? இந்தக் கேள்வியை லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். 1972இல் அவர்களுடைய முக்கியமான ஆய்வு வெளிவந்தது. குடும்பத்தாரின் பேச்சில் மூன்று விஷயங்களைக் கவனித்தார்கள்: ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, மூச்சுவிட இடம் தராத அளவுக்கு மீறிய அக்கறை. இவை மிகுந்திருந்த வீடுகளில் நோய் திரும்புவதும் அதிகமாக இருந்தது.

பின்னர் 1976இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிசெய்தது. இன்னொன்றையும் காட்டியது. அப்படிப்பட்ட வீடுகளிலும், நோயுற்றவரும் குடும்பத்தாரும் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக நேருக்கு நேர் இருந்தால், நோய் திரும்புவது குறைவாக இருந்தது.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. குடும்பம் இந்த நோயை உண்டாக்குவதில்லை. மாத்திரையை நிறுத்தலாம் என்பதும் இதன் பொருள் அல்ல. நோயுற்றவரைத் தனியே விட்டுவிடச் சொல்லவும் இல்லை. குறை சொல்லும் குரல் பெரும்பாலும் கெட்ட மனத்திலிருந்து வருவதில்லை. தூக்கமின்மையிலிருந்தும் பயத்திலிருந்தும் வருகிறது. கவனிப்பவர் சற்று விலகி மூச்சு வாங்கிக்கொண்டால் அந்தக் குரல் தணியும். ஆகவே கவனிப்பவரின் ஓய்வு சுயநலம் அன்று. நோயுற்றவருக்கும் அது நன்மை. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று பாட்டி சொன்னது இதைத்தான் என்று அன்று தோன்றியது.

மறுவாரமே பணிக்குத் திரும்பினேன்.

ஒருவரிடமாவது சொல்லுங்கள்

திரும்பி வந்தபின் ஒரே ஒருவரிடம் சொல்வது என்று முடிவு செய்தேன். தமிழாசிரியை அக்காவிடம் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “மாசத்துல எந்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும்? அன்னைக்கு உன் முதல் பாடவேளைய நான் பார்த்துக்கிறேன்” என்றார். பிறகு, “அண்ணனுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?” என்று கேட்டார். அதுவரை யாரும் அண்ணனைப் பற்றி அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

நாம் நினைப்பதைவிட இந்தச் சுமை பரவலானது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, 18 வயதைக் கடந்தவர்களில் 100க்குப் பத்துப் பேருக்கும் சற்று மேல் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் இருந்தார்கள். அவர்களில் பலருக்குப் பக்கத்தில் ஒரு தாய், மனைவி, தம்பி அல்லது மகள் இருப்பார். அவர்களில் சிலர் நம் ஆசிரியர் அறையில் இருக்கலாம். சிலர் நம் வகுப்பறையில் இருக்கலாம்.

கவனிப்பவர்கள் ஒன்றுகூடுவதன் பலனை நம் நாடு முன்பே கண்டிருக்கிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயுற்றவர்களோடு குடும்பத்தாரையும் வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். அவர்கள் நோயைப் பற்றிக் கற்றார்கள்; ஒருவரையொருவர் பார்த்துத் தைரியம் பெற்றார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன் தங்கும் முறையைப் பின்பற்றியது. நான் போகும் மருத்துவமனையிலும் மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்பவர்கள் சிலர் இப்போது மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறோம். “உங்க வீட்லயும் டிவி தன்னைப் பத்திப் பேசுதுன்னு சொல்வாங்களா?” என்று ஒரு பெரியவர் கேட்டபோது, எல்லாரும் தலையாட்டினோம். அன்று என் பாரம் பாதி குறைந்தது.

மீண்டும் அந்த மாணவி

ரஃப் நோட்டைப் பார்த்த அன்று மதியம், சாப்பாட்டுக்குப் பின் அவளைத் தனியே அழைத்தேன். ‘வீட்டில் என்ன பிரச்சினை?’ என்று கேட்கவில்லை. என் டைரியைத் திறந்து காட்டினேன்.

“இது எங்க அண்ணனுக்கு. உன்னோடது யாருக்கு?”

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மாவுக்கு, மிஸ். அப்பா திருப்பூர்ல வேலை செய்றாரு. நான் தூங்கிட்டா அம்மா கதவத் திறந்துக்கிட்டு எங்கயாவது போயிடுவாங்க.” சற்றுப் பொறுத்து, “நான் ஒழுங்கா மாத்திரை குடுத்தா அம்மாவுக்குச் சரியாயிடும்தானே மிஸ்?” என்றாள்.

பதின்மூன்று வயதுக் குழந்தை அம்மாவின் நோய்க்கே தன்னைப் பொறுப்பாக்கிக்கொண்டு இரவெல்லாம் கதவைக் காத்திருக்கிறாள். அவளைத்தான் நான் வெளியே நிற்க வைத்தேன். முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, “அம்மாவுக்கு வந்திருக்கிறது ஒரு நோய். அது உன்னால வரல. அத குணப்படுத்துறது டாக்டர் வேலை, உன் வேலை இல்ல” என்றேன்.

அவளிடம் கேட்டுவிட்டே தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் தந்தையிடம் பேசினார். இப்போது அடுத்த தெருவில் உள்ள சித்தி இரவில் வந்து படுத்துக்கொள்கிறார். மாத்திரையும் அவர் கையில். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும் அவர்தான். எல்லாம் சரியாகிவிடவில்லை. மாணவி இன்னும் சில நாள் தாமதமாகத்தான் வருகிறாள். ஆனால் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது கோலம் போடுகிறாள்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

• அடிக்கடி தாமதம், தூக்கம், திடீர் விடுப்பு, வீட்டுக்குப் போக அவசரம் ஆகியவை தொடர்ந்தால், தண்டிக்கும் முன் தனியே பேசுங்கள்.
• மற்ற மாணவர் முன் கேட்காதீர்கள். ‘பைத்தியம்’ என்ற சொல்லை வகுப்பில் கேலியாகக்கூட அனுமதிக்காதீர்கள்.
• யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்பதை மாணவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.
• வீட்டுப்பாடத்தைப் பள்ளி நேரத்திலேயே முடிக்க வழிசெய்யுங்கள். விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்க வேண்டாம்; அவருக்கு ஓய்வு அதுதான்.
• பொறுப்பை ஏற்கக்கூடிய பெரியவர் ஒருவரை உறவில் தேடுங்கள். குழந்தைக்குப் பாதுகாப்பில்லை என்றால் 1098ஐ அழையுங்கள்.

கவனிப்பவராக இருக்கும் ஆசிரியருக்கு

• பள்ளியில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.
• வாரத்தில் ஒரு மாலையாவது முறை மாற்றிக்கொள்ள வீட்டில் ஏற்பாடு செய்யுங்கள். அந்த நேரத்தை வேறு வேலையால் நிரப்பாதீர்கள்.
• உங்கள் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.
• குறை சொல்ல வாய் திறக்கும்போது அறையை விட்டு ஐந்து நிமிடம் வெளியே வாருங்கள்.
• மனநல ஆலோசனைக்கான ‘டெலி மனஸ்’ 14416 எண் நோயுற்றவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் உரியது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் உங்களுக்கோ மாணவருக்கோ வந்தால், தனியே இராமல், தனியே விடாமல் உடனே அழையுங்கள்.
• 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. சான்றிதழ் பெறுவது பற்றி மருத்துவமனையில் கேளுங்கள்.

குறுவள மையக் கூட்டத்தில் கலந்துரையாட

1. உங்கள் வகுப்பில் வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்ளும் மாணவர் இருக்கிறாரா? எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?
2. சக ஆசிரியர் ஒருவர் மருத்துவமனை நாளில் உங்களிடம் என்ன உதவி கேட்க முடியும்?
3. நீங்கள் கடைசியாக உங்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கியது எப்போது?

அந்த மாணவி தாமதமாக வரும் நாளில் இப்போது நான் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். “அம்மா சாப்பிட்டாங்களா?” என்பது முதல் கேள்வி. அதற்கு அவள் உடனே பதில் சொல்லிவிடுவாள். “நீ சாப்பிட்டியா?” என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் சற்று யோசிப்பாள். கவனித்துக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் அந்த இரண்டாவது கேள்வியை யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.