வராமற்போனவர்களையும் எழுது

வெள்ளவத்தை

அன்புள்ள மகள்,

பேராதனையில் உன் முதல் ஆய்வுக்கு அனுமதி கிடைத்துவிட்டதென்று அம்மா சொன்னா. முரசு நோய்க்கான இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடப் போகிறாயாம். சிகிச்சையை உன் ஆசிரியர்கள் கற்றுத் தருவார்கள். அதை எழுதும் விதம் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

முரசு நோயைப் படிக்கும் எவரும் நம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைச் சந்திக்காமல் போக முடியாது. 1970இல் முரசு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு இரண்டு தோட்டங்களில் 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்தது. பல் தீட்டும் வழக்கமும் பல் வைத்தியமும் இல்லாதவர்கள். ஏறக்குறைய 8 வீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 வீதத்தினருக்கு மிதமாக, 11 வீதத்தினருக்கு முரசு வீக்கத்தைத் தாண்டவேயில்லை என்று 1986இல் எழுதினார்கள். அது சிகிச்சையைச் சோதித்த ஆய்வல்ல, நோயை அதன் போக்கில் பார்த்திருந்த ஆய்வு. அப்படிப் பார்த்திருந்தது சரிதானா என்ற கேள்வி என்னை இன்றும் உறுத்துகிறது. ஆனால் அந்தக் கட்டுரை ஒன்றை மறைக்கவில்லை: 1985இல் எஞ்சியவர்கள் 161 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் இல்லை. இந்தியாவுக்கென்று தலைமன்னாரில் கப்பலேறியவர்கள், 1977, 1983 வன்செயல்கள்: மலையகத்துக்கு அந்த 15 வருடங்கள் எப்படிப்பட்டவை என்று உனக்குத் தெரியும். அந்த 161 அச்சிலிருப்பதால்தான் மற்ற எண்களை எவ்வளவு நம்பலாம் என்று நம்மால் கேட்க முடிகிறது.

இனி உன் எண்களுக்கு வருவோம். நீ 30 பேரிடம் ஆளுக்கு 6 பற்களை அளந்தால் உன்னிடம் இருப்பது 180 சாட்சிகளல்ல, 30 பேர்தான். ஒரே வாயிலுள்ள பற்களுக்கு ஒரே எச்சில், ஒரே வெற்றிலைப் பழக்கம். அவற்றைத் தனித்தனி ஆட்களாக எண்ணினால் இல்லாத வித்தியாசமும் இருப்பதாகத் தோன்றும். பரிசீலனைக்கு வந்த கட்டுரைகளில் நான் அதிகம் கண்ட பிழை இது. ஒரே வாயில் வலப்பக்கம் ஒரு சிகிச்சை, இடப்பக்கம் இன்னொன்று என்று செய்வதானால், ஒன்றின் பலன் மற்றப் பக்கத்துக்குப் பரவுமா என்பதையும் எழுது. அத்தகைய ஆய்வுகளுக்கென்றே, ஆய்வறிக்கை எழுதுவதற்கான கன்சோர்ட் நெறிமுறையின் விரிவொன்று 2017இல் வந்தது.

‘எழுமாறாகப் பிரித்தோம்’ என்ற ஒற்றை வரி போதாது. அடுத்தவர் எந்தக் குழு என்பது சிகிச்சை செய்பவருக்கு முன்கூட்டியே தெரியாமல் எப்படிக் காத்தாய் என்று சொல். தெரிந்துவிட்டால், நோய் முற்றியவரை நமக்குப் பிடித்த சிகிச்சையிலிருந்து ஒதுக்க மனம் வழி தேடும்.

முதல் நோயாளியைச் சேர்க்குமுன் விஜேராம மாவத்தைக்குப் பதிவு போகட்டும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் அங்கே ஆய்வுப் பதிவேட்டை நடத்துகிறது. எதை முக்கியமாக அளப்பாய் என்பதை அதில் குறி. பிறகு முரசுப் பைகளின் ஆழம் குறையாவிட்டாலும் இரத்தக் கசிவு குறைந்ததை முன்னே தூக்கி வைக்க முடியாது.

இடையில் நின்றவர்களைத் தேடிப் போய்க் கேள். வலி கூடியதா, பஸ்ஸுக்குக் காசில்லையா, ஒருநாள் சம்பளம் போகுமென்று வரவில்லையா? சிகிச்சை பிடிக்காமல் நின்றவரும் வரமுடியாமல் நின்றவரும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியே எழுது.

லீவுக்குக் கொட்டாஞ்சேனைக்கு வரும்போது ஆய்வுத் திட்டத்தோடு இங்கேயும் ஒரு நாள் வா. எத்தனை பேர் தேவை என்ற கணக்கை இருவரும் உட்கார்ந்து போடுவோம்.

அன்புடன்,
பெரியம்மா